மன்னார்க் கடலும் ஆய்வுச் செயலியும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை ஆகிய கரையூர்களுக்கு எதிரே, கடலின் அடியில் பாறைத் திட்டுகள் பல பரந்து கிடக்கின்றன. முத்துச்சிப்பிகள் பற்றி வளரும் அத்திட்டுகளைக் கரையோர மக்கள் 'பார்' என்று வழங்குவர். அவற்றுள், கரையிலிருந்து ஏறக்குறைய 20 மைல் தொலைவில், வடக்குத் தெற்காக ஏறக்குறைய 11 மைல் நீளத்திற்குக் கிடப்பது பெரிய பார். அங்கே இளஞ்சிப்பிகள் எண்ணிறந்தனவாகத் தோன்றும். சில திங்களுக்குள் மறைந்துவிடும். அவை கரைப்பக்கத்துப் பார்களுக்குக் குடிபெயர்ந்து செல்கின்றன என்றும், ஆதலின் பெரிய பாரே மற்றவற்றுக்கெல்லாம் தாய் என்றும் நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது.

1891ஆம் ஆண்டுக்குப் பின் மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடைபெறாமலே ஆண்டுகள் பல கழிந்தன. காரணம் அறிய விரும்பிய இலங்கை அரசாங்கம், லிவர்ப்பூலில் விலங்கியற் பேராசிரியராயிருந்த வில்லியம் ஹேர்ட்மனை அழைத்தது. அவர் 1902 ஜனவரியில் இலங்கைக்கு வந்தார். அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். அவர்களுடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. பெரிய பாரைப் பற்றி அதில் ஓர் அரிய உண்மை உண்டு. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் குறைந்தது 11 முறை அந்தப் பாரில் இளஞ்சிப்பிகள் புதிதாக வந்து குடியேறியிருந்தன. ஆயினும் ஒரு முறைகூட அவை முதிர்ந்து குளிப்புக்கு உதவவில்லை. 1902இன் முற்பகுதியில் சிப்பிகள் நிறைந்திருந்த பார், தென்மேற்குப் பருவக்காற்று கழிந்தபின் வெறுமையாய்க் கிடந்தது. திறந்த கடலை நோக்கிக் கிடக்கும் பெரிய பாரின் இளஞ்சிப்பிகளைப் பருவக்காற்றின் கொந்தளிப்பே அழித்துவிடுகின்றது என்று ஹேர்ட்மன் முடிவு செய்தார். குடிபெயர்ந்தன என்று கருதப்பட்டவை உண்மையில் மடிந்தவையே. ஆதலின், இளஞ்சிப்பிகளை அங்கே மடியவிடாது, பாதுகாப்பான பார்களுக்குப் பெயர்த்து நடவேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார்.

இந்த வரலாற்றை முதலில் கூறியதற்குக் காரணம் உண்டு. 'பதினொரு முறை' என்ற அந்தச் சிறு கணக்கு எவ்வாறு கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். ஹேர்ட்மன் இங்கு வருவதற்கு முன்னரே, பார்களைப் பரிசோதிக்கும் அதிகாரிகள் ஆண்டுதோறும் கடலுக்குச் சென்றனர். குளிப்போர் மூழ்கி எடுத்து வந்ததை எண்ணினர். சிப்பி இருந்தால் இருந்தது என்றும், இல்லையாயின் இல்லை என்றும் எழுதி வைத்தனர். சிப்பி நிறைந்த நாள்களை மாத்திரம் எழுதிவிட்டு, வெறுமையாய்க் கிடந்த நாள்களை எழுதாது விட்டிருப்பார்களாயின், பெரிய பார் இன்றும் தாய்ப் பாராகவே இருந்திருக்கும். 'பார்த்தோம், ஒன்றுமில்லை' என்ற ஒரு வரியே பழைய நம்பிக்கையைத் திருத்தியது.

அந்தக் கணக்கை நம்பி இருந்தது கல்வி மாத்திரமன்று. 1903இல் குளிப்பு மீண்டும் தொடங்கியது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபாய் வருவாய் கிடைத்தது. மன்னார்க் கரையிலிருந்தும் பாண்டிக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளிப்போர் திரண்டு வந்தனர். 1906இல் பார்கள் ஒரு நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் பல ஆண்டுகள் சிப்பி கிடைக்கவில்லை. கடலின் அடியில் என்ன இருக்கின்றது என்பதைச் சரிவர எழுதிவைப்பதும் வைக்காததும், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பைத் தொடும் காரியங்களாகும்.

அன்று பதிவேடும் மையும் செய்த வேலையை இன்று கைத்தொலைபேசியும் கணினியும் செய்கின்றன. ஆய்வுகளை நடத்துவதற்கென்றே அமைக்கப்பட்ட மென்பொருள்களும் செயலிகளும் பல உண்டு. அமெரிக்காவில் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் தோன்றிய ரெட்கேப் என்பது மருத்துவ ஆய்வுகளில் பெரிதும் பயன்படுகின்றது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஓடிகே, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தாரின் முயற்சியால் வளர்ந்த கோபோடூல்பாக்ஸ் ஆகியவை, இணைய வசதி இல்லாத இடங்களில் தகவல் திரட்டுவதற்குப் பேர்போனவை. ஆய்வில் பங்குகொள்வோர் யார், அவர்கள் சம்மதம் தந்தனரா, யாரை எந்த நாளில் மீண்டும் காணவேண்டும், எந்தப் படிவம் நிரம்பியது, எது நிரம்பவில்லை, எடுத்த மாதிரிகள் எங்கே உள்ளன என்பன போன்ற கேள்விகளுக்கு விடை தருவதே இத்தகைய செயலியின் பணியாகும். இதனை அமைப்போர் பலர், ஆய்வாளரின் மேசையிலிருந்தே தொடங்குகின்றனர். மேசையில் அழகாகத் தோன்றும் செயலி கரையில் இடறுவது அதனாலேயே. எங்கே முதன்முதலில் ஒரு தகவல் பிறக்கின்றதோ, அங்கிருந்து தொடங்குவதே முறை.

மன்னாரில் இன்று அத்தகைய ஆய்வுகளுக்குத் தேவை நிறைய உண்டு. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் நீலக்கால் நண்டு எவ்வளவு பிடிபடுகின்றது, சினை நண்டுகள் அவற்றுள் எத்தனை என்பது ஒரு கேள்வி. கடற்பசு இன்னும் எங்கே காணப்படுகின்றது என்பது மற்றொரு கேள்வி. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகள், வலசை வரும் பறவைகளை எவ்வாறு பாதிக்கின்றன என்பது மூன்றாவது. அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது என்பதை எண்ணும்போது அக்கேள்வியின் கனம் விளங்கும். இவற்றுள் எதற்கும் ஒரு நாட் கணக்கு விடை தராது. பல ஆண்டுகள், பல கைகள், ஒரே முறையில் எழுதிய கணக்கே விடை தரும்.

நண்டு ஆய்வு ஒன்றினை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பேசாலைக் கரையில் விடியற்காலை. படகுகள் வந்து சேர்கின்றன. வலையிலிருந்து நண்டு கழற்றும் வேலை விரைவாக நடைபெறுகின்றது. வியாபாரி தராசுடன் காத்திருக்கின்றார். ஆய்வுக்காக அமர்த்தப்பட்ட இளைஞர் ஒருவர் கைத்தொலைபேசியுடன் நிற்கின்றார். அவருக்குக் கிடைப்பது ஒரு படகுக்குச் சில நிமிடங்களே. கை ஈரமாயிருக்கும், ஒரு கையில் நண்டின் ஓட்டு அகலத்தை அளக்கும் கருவி இருக்கும். வெயில் ஏறிவிட்டால் திரையில் மெல்லிய சாம்பல் நிற எழுத்து கண்ணுக்குத் தெரியாது. இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டே செயலியை அமைக்கவேண்டும். ஒரு திரைக்கு ஒரு கேள்வி. வெள்ளையில் கருமையான பெரிய எழுத்து. பெருவிரலால் தவறாது தொடக்கூடிய பொத்தான். தட்டச்சு செய்வதைக் காட்டிலும் தெரிவு செய்வதற்கே இடம். இவை அலங்காரத்துக்காகக் கூறப்படுவன அல்ல. சிரமம் மிகுந்தால் அந்த இளைஞர் கரையில் எழுதமாட்டார். வீட்டுக்குச் சென்று நினைவிலிருந்து எழுதுவார். நினைவிலிருந்து எழுதிய எண்ணுக்கும் எண்ணி எழுதிய எண்ணுக்கும் கணினியில் வேறுபாடு தெரியாது. தீங்கு அங்கேதான் தொடங்குகின்றது.

ஆதலின் இத்தகைய செயலிக்கு ஒரு தலையாய விதி உண்டு. உண்மையை எழுதுவதே யாவற்றினும் எளிதாயிருத்தல் வேண்டும். பொய்யை எழுதுவது உண்மையை எழுதுவதிலும் எளிதாயிருக்கும் செயலி எத்துணை அழகாயிருப்பினும் ஆய்வுக்கு உதவாது.

இவ்விதி எங்கே மீறப்படுகின்றது என்று பார்ப்போம். செயலிகள் பலவற்றில், ஒரு கட்டம் நிரம்பாவிடின் அடுத்த பக்கத்துக்குச் செல்லமுடியாது. தகவல் விடுபடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தினாலேயே அவ்வாறு அமைக்கின்றனர். ஆனால், நிறை எழுதும் கட்டம் வரும்போது, வியாபாரி நண்டை முன்னரே கூடையில் இட்டு எடுத்துச் சென்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எண் இல்லாமல் செயலி நகராது. அடுத்த படகு கரையேறிவிட்டது. அந்த இளைஞர் என்ன செய்வார்? மனத்துக்குத் தோன்றிய ஓர் எண்ணை இடுவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கியது செயலியே. அந்தக் கட்டத்தின் அருகில் 'அளக்கவில்லை' என்றொரு பொத்தான் இருந்து, அதைத் தொட்டதும் 'விற்கப்பட்டுவிட்டது', 'கருவி இல்லை', 'உரியவர் விரும்பவில்லை' என்ற காரணங்களுள் ஒன்றைத் தெரிவு செய்யமுடிந்தால், உண்மை இரண்டு தொடுகையில் முடிந்துவிடும்.

அதே போன்று, சுழியத்தையும் வெறுமையையும் செயலி ஒன்றாகக் கொள்ளலாகாது. சினை நண்டு 'பூச்சியம்' என்று எழுதினால், எண்ணிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று பொருள். கட்டம் வெறுமையாயிருந்தால், எண்ணவே இல்லை என்று பொருள். பெரிய பாரின் கதையில் நாம் கண்டது இதுவே. பார்த்துக் காணாமையும் பாராமையும் வெவ்வேறு. இவ்விரண்டையும் கலந்துவிட்ட கணக்கிலிருந்து எந்தக் கணித வித்தையாலும் உண்மையைப் பிரித்தெடுக்க முடியாது. பறவை எண்ணுவோருக்கும் இது பொருந்தும். காற்றாலைக்கு அருகில் இன்று இறந்த பறவை எதுவும் காணப்படவில்லை என்ற பதிவும், இன்று யாரும் தேடிச் செல்லவில்லை என்ற உண்மையும் ஒன்றாக எழுதப்பட்டால், அந்த ஏடு யாருக்குச் சாதகமாக வேண்டுமாயினும் பேசும்.

அடுத்தது மொழி. கடற்றொழிலாளரிடம் ஆழம் எவ்வளவு என்று கேட்டால், 'நாலு பாகம்' என்பார். ஒரு பாகம் ஆறு அடி. அதாவது ஏறக்குறைய 1.83 மீற்றர். படிவம் மீற்றரில் கேட்டால், எழுதுபவர் மனத்தில் பெருக்கிப் பார்த்து ஓர் எண்ணை இடுவார். இன்னொருவர் நான்கு என்றே இட்டுவிடுவார். ஏட்டில் இரண்டு எண்களும் அருகருகே நிற்கும். எது பாகம், எது மீற்றர் என்று பின்னர் யாராலும் கூறமுடியாது. அளவையைக் கேட்கும்போதே பாகமா மீற்றரா என்று தெரிவு செய்யவைத்து, சொன்னதைச் சொன்னபடியே காத்து, மாற்றிக் கணக்கிடும் வேலையைச் செயலி தானே செய்தல் வேண்டும். பெயர்களிலும் இதே இடர் உண்டு. நூல்களிற் கடற்பசு என்று எழுதப்படும் விலங்கை ஆவுளியா என்பாரும் உண்டு. கடற்பன்றி என்பாரும் உண்டு. தாழ்வுபாடு என்ற ஊரைத் தாழ்வுப்பாடு என்றும் எழுதுவர். மனிதன் இரண்டும் ஒன்றே என்று அறிவான். கணினி இரண்டு ஊர் என்று எண்ணும். ஆதலின் ஊர்ப்பெயரையும் இனப்பெயரையும் எழுதவிடாது, வழக்குப் பெயர்கள் அனைத்தும் அடங்கிய பட்டியலிலிருந்து தெரியவிடுதல் நன்று. விலங்குகளுக்குப் படமும் இருத்தல் வேண்டும். தமிழ்ப் படிவம், ஆங்கிலப் படிவத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததாயிருந்தால், கேட்பவரும் விளங்கார், கேட்கப்படுபவரும் விளங்கார். கரையில் வழங்கும் கேள்வியை முதலில் தமிழிலே அமைத்து, அதனைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒத்துப் பார்ப்பதே நேர்வழி.

கடலில் இணையத் தொடர்பை நம்பமுடியாது. கரையிலும் எங்கும் ஒரே சீராகக் கிடைப்பதில்லை. எழுதியது அந்தக் கணமே கைத்தொலைபேசியில் பதிந்து, தொடர்பு கிடைத்தபோது மையக் கணினிக்குத் தானே செல்லவேண்டும். எழுதிய நேரமும் அனுப்பிய நேரமும் தனித்தனியாகக் குறிக்கப்படல் வேண்டும். 'பதிவாயிற்று' என்பதையும் 'சென்று சேர்ந்தது' என்பதையும் இரு வேறு அடையாளங்களால் திரை காட்டவேண்டும். இவ்வளவும் இல்லையேல், எழுதியது போயிற்றோ இருக்கின்றதோ என்ற ஐயத்தினால் அந்த இளைஞர் ஒரே படகை இருமுறை எழுதுவார். பின்னர் ஒரு தாளிலும் எழுதிவைப்பார். செயலியை நம்பாதவன் கையில் தாள் முளைக்கும். களத்திற் பணிபுரிவோரின் சட்டைப் பையில் தாள் தென்படுமாயின், அவர்களைக் கடிந்துகொள்ளாது செயலியைத் திருத்தவேண்டும்.

பிழை நேர்வது இயற்கை. 12 சென்ரிமீற்றர் அகலமுள்ள நண்டு, விரல் தவறியதால் 120 சென்ரிமீற்றர் ஆகிவிடலாம். அத்தகைய எண்ணைக் கண்டதும் 'இவ்வளவு பெரிய நண்டா? மீண்டும் பாருங்கள்' என்று அங்கேயே கேட்பது நல்ல செயலியின் இயல்பு. கேட்டபின், ஆம் என்றால் ஏற்றுக்கொள்வதும் அதன் இயல்பாதல் வேண்டும். பின்னர் ஒருவர் திருத்தும்போது பழைய எண் அழிந்துபோகலாகாது. யார், எப்போது, என்ன காரணத்தால் மாற்றினார் என்பது அருகிலேயே நிற்கவேண்டும். பழைய கணக்கப்பிள்ளைகள் பிழையான எண்ணைச் சுரண்டி அழிக்காது, ஒரு கோடிட்டு மேலே எழுதி ஒப்பமிடுவர். அந்த நேர்மையைக் கணினிக்கும் கற்பிக்கவேண்டும்.

கண்டதையும் கருதியதையும் பிரித்து வைப்பதும் இதனோடு சேர்ந்த நெறியே. ஹேர்ட்மன் சிப்பிகளுள் ஒருவகை நாடாப்புழுவின் குடம்பிகளைக் கண்டார். அவையே முத்து உண்டாவதற்கு முதற் காரணம் என்று கருதினார். அக்கருத்தைப் பிற்கால அறிஞர் அவ்வாறே ஏற்கவில்லை. சிப்பியின் மென்தோலைச் சேர்ந்த கலங்கள் உள்ளே புகுந்து ஒரு பையாகி, அப்பையில் முத்துப்படலம் படிவதே முத்து என்று இன்று விளங்கிக்கொள்ளப்படுகின்றது. கருத்து மாறியது, ஆனால் அவர் கண்டவற்றின் பதிவு இன்றும் பயன்படுகின்றது. செயலியில் 'என்ன கண்டீர்' என்பதற்கு ஒரு கட்டமும், 'என்ன என்று எண்ணுகின்றீர்' என்பதற்கு வேறொரு கட்டமும் இருந்தால், நாளை அறிவு வளரும்போது இன்றைய உழைப்பு வீணாகாது.

இதுவரை கூறியவை எழுதுபவரைப் பற்றியவை. எழுதப்படுபவரைப் பற்றியும் எண்ணவேண்டும். கடற்பசு பற்றிய ஆய்வு இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. இடம்பெயரும் காட்டுயிர்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் கீழ், கடற்பசு வாழும் நாடுகள் பலவற்றிலும் ஒரே வகையான வினாக்கொத்தைக் கொண்டு கடற்றொழிலாளரிடம் தகவல் கேட்கும் முறை ஏற்படுத்தப்பட்டது. கடற்பசுவைக் கண்டீர்களா, எங்கே, எப்போது, வலையில் அகப்பட்டதா என்று கேட்பர். இலங்கையில் கடற்பசு சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட விலங்கு. தன் வலையில் தற்செயலாக ஒன்று அகப்பட்டது என்று உண்மை கூறும் மனிதர், அந்த உண்மை தமக்கே பகையாகுமோ என்று அஞ்சுவது இயல்பு. அவர் அஞ்சினால் 'காணவில்லை' என்பார். ஆய்வு முழுவதும் அந்தப் பொய்யின்மேல் நிற்கும்.

ஆகவே, பெயர் ஓரிடத்திலும் விடை வேறோரிடத்திலும் வைக்கப்படவேண்டும். இரண்டையும் இணைக்கும் எண், பொறுப்புள்ள ஒருவரிடமே இருக்கவேண்டும். கரையில் எழுதுபவர், தாம் எழுதியதை மாத்திரம் காணலாம். மேற்பார்வையாளர் எது நிரம்பியது, எது நிரம்பவில்லை என்பதைக் காணலாம். பகுத்தாராய்பவர் பெயரில்லாத விடைகளைக் காணலாம். சம்மதம் என்பது ஒரு சிறு கட்டத்தில் அடையாளமிடுவதோடு முடிந்துவிடுவதன்று. எதற்காகக் கேட்கின்றோம், யார் பார்ப்பர், எத்தனை காலம் வைத்திருப்போம் என்பவற்றைத் தமிழில் வாசித்துக் காட்டும் வசதி, எழுத்தறியாதவரையும் எண்ணி, ஒலிவடிவிலும் இருக்கவேண்டும். நான் விலகிக்கொள்கின்றேன் என்று ஒருவர் பின்னர் கூறினால், அதனை நிறைவேற்றும் வழி செயலியில் எளிதாயிருக்கவேண்டும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபின், இது நன்னெறி மாத்திரமன்று, சட்டத்தின் நெறியுமாகும்.

இனி, ஆய்வை நடத்துபவரின் பக்கம் வருவோம். அவருக்குத் தேவை நூறு வரைபடங்கள் அல்ல. காலையில் திறந்தவுடன் மூன்று விடை கிடைத்தாற் போதும். இன்று யார் எங்கே செல்லவேண்டும்? நேற்று என்ன விடுபட்டது? எது ஐயத்துக்குரியது? மற்றவை தேடிச் சென்றால் கிடைக்கட்டும். நாட்குறிப்பும் மன்னாரின் பருவத்தை அறிந்ததாயிருக்கவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது தென்கடல் கொந்தளிக்கும். தொழில் பெரும்பாலும் வடகடலுக்கு மாறும். வடகீழ்ப் பருவக்காற்றின்போது இது தலைகீழாகும். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே இடத்தில் ஒரே நாளில் கணக்கெடுக்கவேண்டும் என்று செயலி வற்புறுத்தி, தவறியபோதெல்லாம் சிவப்பு அடையாளம் காட்டினால், களப்பணியாளர் மனம் சோர்வார். அல்லது செல்லாமலே சென்றதாக எழுதுவார். 'காற்று, கடலுக்குச் செல்லவில்லை' என்பதும் மதிப்புள்ள தகவலே என்று செயலி ஏற்றுக்கொள்ளவேண்டும்.

ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது கேள்வி மாறுவதும் உண்டு. வலைக்கண்ணின் அளவை முதலில் அங்குலத்திற் கேட்டு, பின்னர் மில்லிமீற்றரிற் கேட்கத் தொடங்கலாம். மாற்றிய நாளிலிருந்து எழுதியவை புதிய படிவத்தைச் சேர்ந்தவை, முன்னையவை பழைய படிவத்தைச் சேர்ந்தவை என்ற குறிப்பு ஒவ்வொரு பதிவிலும் தானாகவே விழவேண்டும். இல்லையேல் ஒரு காலைப்பொழுதில் வலைக்கண்கள் எல்லாம் இருபத்தைந்து மடங்கு பெருத்துவிட்டதாகக் கணினி காட்டும்.

இவ்வளவும் அமைத்தபின், செயலி நன்றாக இருக்கின்றதா என்று யாரைக் கேட்பது? அமைத்தவரைக் கேட்கலாகாது. கரையிலுள்ள ஒருவரிடம் கொடுத்து, 'இந்தப் படகின் கணக்கை எழுதுங்கள்' என்று மாத்திரம் கூறிவிட்டு, அருகில் வாய்மூடி நிற்கவேண்டும். இதுவே கடினமான பகுதி. அவர் தடுமாறும்போது உதவி செய்ய நாவு துடிக்கும், அடக்கவேண்டும். விரல் எங்கே தயங்கி நிற்கின்றது, எந்தச் சொல்லை இருமுறை வாசிக்கின்றார், எங்கே பின்னோக்கிச் செல்கின்றார் என்று குறித்துக்கொள்ளவேண்டும். அவர் தயங்கிய ஒவ்வோரிடமும் நம் பிழை. விளக்கக் கையேடு எழுதி அப்பிழையை மறைக்க முயல்வதிலும், திரையைத் திருத்துவதே மேல். திருத்தியபின் வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் வாய்மூடி நிற்கவேண்டும்.

இன்னுமொன்று. கரையில் நின்று நேரம் ஒதுக்கி விடை தந்தவர்களுக்கு என்ன கிடைக்கின்றது? தகவல் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ சென்று, அவர்கள் படிக்காத மொழியில் ஒரு கட்டுரையாக முடிவதே பெரும்பாலும் வழக்கம். மாத முடிவில், தம் ஊர்க் கரையில் எத்தனை படகுகளின் கணக்கு எழுதப்பட்டது, நண்டின் சராசரி அகலம் சென்ற ஆண்டிலும் கூடிற்றா குறைந்ததா என்பதைத் தமிழில் ஒரு பக்கமாகச் செயலி எடுத்துத் தருமாயின், அதனைக் கடற்றொழிலாளர் சங்கத்தின் சுவரில் ஒட்டிவைக்கலாம். தாம் சொன்னது தமக்கே திரும்பி வருவதைக் காண்பவர், அடுத்த முறை பொறுத்துநின்று சொல்வார். பிழை இருந்தால் சுட்டியும் காட்டுவார். ஆய்வாளர் காணாத பிழையைக் காணும் கண் அவருடையதே.

இறுதியாக, செயலிகளுக்கு ஆயுள் குறைவு. இன்று வாங்கும் கைத்தொலைபேசி சில ஆண்டுகளிற் பழையதாகிவிடும். அமைத்த நிறுவனம் இல்லாமற் போகலாம். பண உதவியும் ஒரு நாள் முடியும். ஹேர்ட்மனும் ஹோர்னெலும் எழுதியவற்றை நூறாண்டு கடந்தும் நாம் வாசிக்கின்றோம். காரணம், அவற்றைத் திறக்க எந்தச் சாவியும் தேவையில்லை. இன்றைய செயலியும் தான் திரட்டிய அனைத்தையும், எந்தக் கணினியும் வாசிக்கக்கூடிய எளிய அட்டவணையாக, ஒவ்வொரு நிரலுக்கும் பொருள் கூறும் குறிப்புடன், வேண்டும்போதெல்லாம் வெளியே தரவேண்டும். தான் மறைந்தாலும் தன் கணக்கு மறையாதபடி அமைந்த செயலியே ஆய்வுக்கு உண்மையான துணை.

பேசாலைக் கரையில் நாளை விடியற்காலையிலும் படகுகள் வரும். அந்த இளைஞர் ஈரக்கையுடன் ஒரு பொத்தானைத் தொடுவார். அவருடைய வலையாட்களின் பிள்ளைகள் பெரியவர்களாகும் காலத்தில், இந்தக் கடலில் நண்டு எவ்வாறு குறைந்தது அல்லது பெருகிற்று என்று யாரேனும் கேட்பார்கள். அன்று கிடைக்கும் விடை, இன்று அவர் எண்ணி எழுதியதா, அவசரத்தில் இட்டதா என்பதைப் பொறுத்தது. எண்ணி எழுதுவதை அவருக்கு எளிதாக்கிக் கொடுப்பது நம் கையில் உள்ளது.